பதினொரு நோட்டில் ஒரே விடை

கரும்பலகையைப் படித்துவிட்டுத்தான் நான் அழிப்பேன். காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் பெருக்குவது ஆறாம் வகுப்பை. முந்தின நாள் டீச்சர் போட்டுவிட்டுப் போன கணக்கு அப்படியே இருக்கும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மேலேயிருந்து கீழே வரைக்கும் ஒரு தடவை வாசிப்பேன். புரிந்தால் துடைத்துவிடுவேன். புரியாவிட்டால் ஓரத்தை மட்டும் துடைத்துவிட்டு, மறுபடி வாசிக்க நடுவில் இருப்பதை விட்டுவைப்பேன். "ஆயா, போர்டு சரியா அழிக்கலையே" என்பார் டீச்சர். "மறந்துட்டேன் டீச்சர்" என்பேன். இந்தப் பொய்யைப் பல மாதம் சொல்லியிருக்கிறேன்.

கல்வராயன் மலைக்கு ஏறுகிற ரோட்டில், ஏற்றம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது எங்கள் நடுநிலைப் பள்ளி. எட்டாவது வரைக்கும் உண்டு. பாதிப் பிள்ளைகள் அடிவாரத்து ஊர்க்காரர்கள். மீதிப் பேர் மலையிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வருகிறவர்கள். மரவள்ளிக்கிழங்கு லாரி ஏதாவது வளைவில் மாட்டிக்கொண்டால் பஸ்ஸும் நின்றுவிடும். அன்றைக்கு முதல் பாடம் பாதி வகுப்புக்குத்தான். நான் பெருக்குவது, குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்புவது, கக்கூஸ் கழுவுவது எல்லாம் செய்கிறேன். நாற்பது வருஷம் நடவும் களையெடுப்புமாக இருந்து, முட்டி இரண்டும் மடங்க மாட்டேன் என்ற பிறகு கிடைத்த வேலை இது.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். பிறந்த ஊர் மணலூர்பேட்டைப் பக்கம். ஆறாம் வகுப்புக்கு வேறு ஊருக்கு நடந்து போக வேண்டும். அந்த வருஷம் மணிலாக்கொட்டை களை வெட்டுக்கு ஆள் போதவில்லை என்று என் கையில் களைக்கொத்தைக் கொடுத்தார்கள். நான் அழவில்லை. அழுதால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற வெட்கம். ஆனால் ஒரு நினைப்பு மட்டும் போகவே இல்லை. ஐந்தாவது புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்கடுத்த புத்தகத்தில் என்ன இருக்கும்? கல்யாணமாகி இங்கே வந்த பிறகும், நடவு நட்டுக்கொண்டிருக்கும்போது சில சமயம் அது ஞாபகம் வரும். யாரிடம் போய்க் கேட்பது?

அதனால் ஆறாம் வகுப்பு அறையைப் பெருக்கச் சொன்ன முதல் நாள் உள்ளே கால் வைக்கக் கொஞ்சம் தயங்கினேன்.

அந்த அறைக்கு வராண்டா பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்குக் கீழேதான் தண்ணீர்த் தொட்டி. தொட்டி நிரம்ப அரைமணி நேரம் ஆகும். குழாயைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு பாட வேளை அவ்வளவுதான். கணக்கும் அறிவியலும் ஒரே டீச்சர். கள்ளக்குறிச்சியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறார். சின்ன வயது, கணீரென்ற குரல். ஜன்னலுக்கு வெளியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தால் ஒரு சொல் தப்பாது.

முதலில் என்னை அசத்தியது கணக்கு இல்லை, அறிவியல். கலவைகளைப் பிரிக்கும் முறைகள் என்று ஒரு பாடம். முறத்தில் புடைத்தல், தூற்றுதல், சலித்தல் என்று டீச்சர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். எனக்குத் தொட்டி விளிம்பிலேயே சிரிப்பு வந்துவிட்டது. களத்தில் காற்றுக்காக மணிக்கணக்கில் நின்று தூற்றியிருக்கிறேன், கண்ணெல்லாம் தூசு. அதற்குப் புத்தகத்தில் படம் போட்டு, கீழே பெயரும் எழுதியிருக்கிறார்கள். பதர் ஏன் தள்ளிப் போய் விழுகிறது, நெல் ஏன் நேராக இறங்குகிறது என்று டீச்சர் சொன்ன காரணம் மட்டும் எனக்குப் புதிது. அத்தனை வருஷம் செய்த வேலைக்கு அன்றைக்குத்தான் காரணம் கிடைத்தது.

வீட்டுப்பாடமும் செய்ய ஆரம்பித்தேன். ஜன்னல் வழியாகக் காதில் விழுவதை மனதில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் அடுப்பில் உலை கொதிக்கிற நேரத்தில், கிழித்துப் போட்ட தினக்காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் போடுவேன். வீட்டில் நான் ஒருத்திதான். பார்க்க யாரும் இல்லாததால் தைரியமாகப் போடலாம். மறுநாள் அந்தத் தாள்களை மடித்துப் பையில் எடுத்துப் போவேன். டீச்சர் விடை சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே நானே திருத்திக்கொள்வேன்.

இது முதலில் தெரிந்தது சத்துணவுச் சமையல்காரப் பெண்ணுக்குத்தான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், வாய் மட்டும் பெரியது.

"இன்னாக்கா, தொட்டி ரொம்பிப் போய் தண்ணி வராண்டாவுல ஓடுது, நீ பாட்டுக்கு விரல மடக்கிக்கினு கீற?"

"ஒண்ணுமில்லடி."

"பேப்பர் இன்னா கையில? குடு பாக்கலாம். அடிப்பாவி, கணக்கா! கலெக்டராவப் போறியா இன்னா? ஆயிட்டா சொல்லு, நான் கார்ல உன் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"சத்தம் போடாத. டீச்சர் காதுல விழும்."

"வுழட்டுமே" என்று சிரித்தாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. முதல் தேதியானால் பழைய மாதத்துத் தாள்களைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து என் பையில் திணிப்பாள்.

பிள்ளைகளுக்குத் தெரிந்தது என்னால்தான். ஆறாம் வகுப்பில் மலையிலிருந்து வருகிற ஒரு பெண் இருக்கிறாள். இரட்டைச் சடை, எப்போதும் ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்திருக்கும். ஒருநாள் நான் தாளைத் திருத்திக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக என்னிடம் வந்தாள்.

"ஆயா, நாலாவது கணக்கு நீ போட்டியா?"

"போட்டேன்."

"இன்னா வந்துச்சு? காட்டு. என்னுது சரியான்னு பாத்துக்கறேன்."

காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் கணக்கை ஒருத்தி கேட்டுப் பார்க்கிறாள் என்றால் எப்படி மறைக்க மனசு வரும்? காட்டினேன். அவளுக்கு வந்த விடையும் எனக்கு வந்த விடையும் வேறு. டீச்சர் சொன்னபோது என்னுடையது சரி என்று தெரிந்தது. அன்றிலிருந்து கணக்குப் பாட நாட்களில், பிரார்த்தனை மணிக்கு முன்னால், துடைப்பம் வைக்கிற அறை வாசலில் ஒரு கூட்டம் சேர ஆரம்பித்தது. முதலில் இரண்டு பேர் சரிபார்க்க வந்தார்கள். பிறகு ஏழெட்டுப் பேர், அவர்கள் தாங்களாகக் கணக்குப் போடாமலே பார்த்து எழுத வந்தார்கள். அதைக் கவனிக்காதவள் போல நான் இருந்தேன். "ஆயா கணக்கு கரெக்டா இருக்கும்டி" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. அந்தச் சொல்லுக்காகத்தான் அப்படி இருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

பரப்பளவுப் பாடம் வந்தது. நீளத்தை அகலத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டுப்பாடத்தில் ஐந்து கணக்கு. நான்கு சுலபமாக முடிந்தன. கடைசிக் கணக்கு இது: ஒரு செவ்வக வடிவ வயலின் நீளம் முப்பது மீட்டர், அகலம் இருபது மீட்டர். நாற்று நடுவதற்கான பரப்பளவு எவ்வளவு?

முப்பதும் இருபதும் பெருக்கினால் அறுநூறு. எழுதப் போனேன். கை நின்றுவிட்டது. நாற்று நடுவதற்கான பரப்பளவு என்று கேட்டிருக்கிறார்களே? வரப்பின் மேல் யாராவது நாற்று நடுவார்களா? எங்கள் நடவுக் கூட்டத்தில், ஒரு கழனிக்கு எத்தனை கட்டு நாற்று இறக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்வது என் வேலையாக இருந்தது. வரப்பைச் சேர்த்து எண்ணினால் நாற்று மிஞ்சிவிடும், கரையில் கிடந்து வாடும். நான்கு பக்கமும் அரை அரை மீட்டராவது போகாதா? நீளத்தில் ஒன்று போனால் இருபத்தொன்பது. அகலத்தில் ஒன்று போனால் பத்தொன்பது. உலை பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காமல் பெருக்கினேன். ஐந்நூற்று ஐம்பத்தொன்று. புத்தகத்துக்காரர் வைத்த சூதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை ரிப்பன்காரி கேட்டாள். "அறநூறு இல்லையா ஆயா?"

"வரப்ப கழிக்க வேணாவா?" என்றேன்.

"ஆமால்ல!" என்றாள். அவள் அப்பாவும் கழனி வேலைதான்.

முதல் பாட வேளையில் டீச்சர் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார். நான் தொட்டி விளிம்பில் இருந்தேன். முதல் நோட்டு, இரண்டாவது நோட்டு. ஐந்தாவது நோட்டில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மீதி நோட்டுகளை வேகமாகப் புரட்டினார்.

"பதினாறு பேர்ல பதினோரு பேருக்கு ஐந்நூத்தி ஐம்பத்தொண்ணு. தப்புன்னா ஆளுக்கு ஒரு தப்பு வரும். பதினோரு பேருக்கும் ஒரே தப்பு எப்படி வரும்? யாரு போட்டத யாரு பாத்து எழுதனது?"

ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"நீ எழுந்திரு. இருபத்தொன்பது எப்படி வந்துச்சு?"

ரிப்பன்காரியின் குரல். "வரப்பு டீச்சர்."

"என்னது?"

"வரப்ப கழிச்சோம் டீச்சர்."

"புக்குல வரப்பு எங்கடி இருக்கு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின்னால் இருந்து இன்னொரு பெண் சொன்னாள், "ஆயா போட்ட கணக்கு டீச்சர். நாங்க பாத்து எழுதிக்கினோம்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் நான் பட்டேனா என்று தெரியாது. குழாயை மூடாமல் சமையலறைக்கு ஓடினேன். என் முட்டி அவ்வளவு வேகமாக மடங்கும் என்று எனக்கே தெரியாது.

மதியம் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், யாரையும் அதட்டாதவர். அதனாலேயே எனக்கு இன்னும் பயம்.

"ஆயா, உங்க வேலையில ஒரு கொறையும் கெடையாது. ஆனா புள்ளைங்களுக்கு வீட்டுப்பாடம் எழுதிக் குடுக்கறது தப்பில்லையா?"

எழுதிக் கொடுக்கவில்லை சார், அவர்கள்தான் பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டும். அதுவும் முழு உண்மை இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"நாளைலேர்ந்து பாடம் நடக்கற நேரத்துல வராண்டா பக்கம் நிக்காதீங்க. தொட்டிய மணி அடிக்கறதுக்கு முன்னாடியே ரொப்பிடுங்க. பின்னாடி சமையல் ரூம் பக்கமா இருந்துக்கோங்க. சரியா?"

"சரிங்க சார்."

வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டு போனவள் நான். போகவில்லை. போனது ஜன்னல். அறையைவிட்டு வெளியே வந்த பிறகுதான் எது பெரியது என்று தெரிந்தது.

பிள்ளைகளுக்கும் தண்டனை. பார்த்து எழுதிய பதினொரு பேரும் அந்தக் கணக்கைச் சரியாகப் பத்துத் தடவை எழுதி வர வேண்டும்.

மறுநாள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத் தொட்டியைச் சீக்கிரம் நிரப்பினேன். பாடம் தொடங்கியதும் பின்னால் போய்ச் சமையல்காரப் பெண்ணுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். அங்கிருந்து டீச்சர் குரல் வரும், சொல் வராது. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எதையோ சொல்வது கேட்கும், என்ன என்று தெரியாது. ஒரு தடவை எல்லோரும் ஓவென்று கத்திக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். ஆளுக்கொரு காந்தத்தை மண்ணில் இழுத்துக்கொண்டு போனார்கள். காந்தத்தில் கறுப்பாக மயிர் போல எதுவோ ஒட்டிக்கொண்டு நின்றது. நம் மண்ணில் இருந்து என்ன ஒட்டும்? எழுந்துபோய்க் கேட்கக் கால் வரவில்லை.

"அந்த டீச்சர் கிட்ட போய் ஒரு வார்த்த சொல்லேன்க்கா" என்றாள் சமையல்காரப் பெண். "தெரியாம பண்ணிட்டேன், உக்கார வுடுங்கன்னு. அவங்க இன்னா புலியா?"

"என்னால முடியாதுடி."

"வாயத் தொறந்தா முத்தா கொட்டிடப் போவுது? அப்ப இங்கியே இரு. எனக்கென்ன, வெங்காயத்துக்கு ஆள் கெடச்சுது."

மூன்றாம் நாள் காலையில் கரும்பலகையைப் படித்தேன். புதுப் பாடம். எண்களுக்கு முன்னால் சின்னச் சின்னக் கோடு. ஒரு நீளக் கோட்டில் பூஜ்யத்துக்கு இடது பக்கமும் எண்கள் போகின்றன. மூன்று தடவை வாசித்தேன். நான்காவது தடவையும் வாசித்தேன். சொல்லிக் கொடுக்கும் குரல் இல்லாமல் அது வெறும் சுண்ணாம்புக் கோடாக நின்றது. நடுவில் அழிக்காமல் விட்டுவைத்தாலும் பயனில்லை, நாளைக்கும் புரியாது. முழுசாக அழித்துவிட்டேன். ஐந்தாவது முடிந்த அன்றைக்கு அழாதவள், அன்றைக்கு அந்த டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அன்று சாயங்காலம் உலை வைக்கவில்லை. காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீளம் முப்பது மீட்டர், அகலம் இருபது மீட்டர், பரப்பளவு அறுநூறு சதுர மீட்டர். ஒரு தடவை எழுதினேன். பிள்ளைகளுக்குப் பத்து என்றால் எனக்கும் பத்துதானே. கணக்கை முதலில் தப்பாகப் போட்டவள் நான். ஒவ்வொரு தடவையும் முழுக் கணக்கையும் எழுதினேன். ஆறாவது தடவை எழுதும்போது என் மனசு இன்னும் வரப்பைக் கழிக்கச் சொன்னது. விடவில்லை. பத்தும் முடித்து, கீழே ஒரு வரி சேர்த்தேன்: "நான் காட்டியது தப்பு. இனி காட்ட மாட்டேன்." கையெழுத்துப் போடவில்லை. காலண்டர் தாளில் எழுதி வருகிறவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் இல்லை.

மறுநாள் காலை அறையைப் பெருக்கிவிட்டு, மேசை மேல் இருந்த நோட்டுக் கட்டின் உச்சியில் அந்தத் தாளை வைத்தேன். காற்றில் பறக்காமல் டஸ்டரை மேலே வைத்தேன். பிறகு வெங்காயத்துக்குப் போய்விட்டேன்.

பதினொரு மணி சுமாருக்கு டீச்சரே சமையலறைக்கு வந்தார். கையில் என் தாள். சமையல்காரப் பெண் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆயா, இது நீங்க எழுதுனதா?"

"ஆமாங்க டீச்சர்."

"அந்த அரை மீட்டர் ஏன் கழிச்சீங்க? சும்மா சொல்லுங்க, திட்ட மாட்டேன்."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "வரப்புல நாத்து நட மாட்டாங்க டீச்சர். நட்டா நடக்க வழி ஏது?"

"கணக்குல வரப்பு இருக்குன்னு சொல்லலையே."

"வரப்பு இல்லாத கழனி எங்கங்க டீச்சர் கீது?"

சமையல்காரப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சரும் சிரித்துவிட்டார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "நீங்க சொல்றது நெஜம். ஆனா கேள்வியில என்ன குடுத்திருக்காங்களோ அத வச்சுத்தான் போடணும். நாமளா ஒண்ண சேக்கக் கூடாது, கழிக்கவும் கூடாது. புரியுதா?"

"புரியுதுங்க."

"சரி, இப்ப வாங்க."

தலைமையாசிரியர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பேச்சு முழுவதும் கேட்டது.

"ஆபீசருங்க யாராவது வந்தா என்ன சொல்றது டீச்சர்?"

"பெருக்கி முடிச்சுட்டு உக்காந்திருக்காங்கன்னு சொல்லுங்க சார். பத்துத் தடவ எழுதுங்கன்னு சொன்னா எங்க புள்ளைங்க எழுத மாட்டேங்குது. இவங்க சொல்லாமலே எழுதி வச்சிருக்காங்க. ஜன்னலுக்கு வெளியில இருந்தாத்தான் பிரச்சன. உள்ள இருந்தா என் கண்ணு முன்னால இருப்பாங்க."

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "ஆயா, கணக்கு, அறிவியல், ரெண்டு பாடந்தான். வேலை எதுவும் நிக்கக் கூடாது."

"நிக்காதுங்க சார்."

"நோட்டு ஒண்ணு வாங்கிக்கோங்க" என்றார் டீச்சர். "காலண்டர் பேப்பர் வேணாம். புள்ளைங்க நோட்டோட உங்க நோட்டும் என் டேபிளுக்கு வரணும். திருத்திக் குடுப்பேன். யாருக்கும் காட்டக் கூடாது."

ஜன்னலுக்கு வெளியே இருந்தபோது என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. காதால் கேட்பதற்கு மட்டும்தான் நான் அங்கே இருந்தேன். உள்ளே போனால் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கடைசி பெஞ்சில், கதவோரம், ரிப்பன்காரிக்குப் பக்கத்தில் இடம். பெஞ்சு தாழ்வு, முட்டியை நீட்டி வைத்துக்கொண்டேன். இரண்டாம் நாளே டீச்சர் கரும்பலகையில் அந்த நீளக் கோட்டைப் போட்டார். பூஜ்யத்துக்கு இடது பக்கம் கழித்தல் எண்கள். விளக்கிச் சொன்னபோது புரிந்தது. புரிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, "கழித்தல் மூணுக்கும் கூட்டல் ரெண்டுக்கும் நடுவுல எத்தன முழு எண் இருக்கு? ஆயா, நீங்க சொல்லுங்க" என்றார்.

பதினாறு முகமும் திரும்பியது. எழுந்தேன். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னேன்.

"கேக்கல ஆயா! சத்தமா!" என்றது முன் பெஞ்சு.

"மூணு."

"எது எது?"

"கழித்தல் ரெண்டு, கழித்தல் ஒண்ணு, அப்பறம் ஒண்ணு."

"சைபர வுட்டுட்டாங்க டீச்சர்!" என்று நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சிரித்தார்கள். தங்களுக்குள் ஒருத்தர் தப்புச் சொன்னால் எப்படிச் சிரிப்பார்களோ அதே சிரிப்பு, அதில் எனக்கென்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"நாலு. அடுத்தது யாரு சொல்றீங்க?" என்று டீச்சர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். ரிப்பன்காரி சேலையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு ஆயா. முடிஞ்சுது."

உட்கார்ந்தேன். நோட்டைத் திறந்து நான்கையும் வரிசையாக எழுதினேன்.

டீச்சர் வாரத்துக்கு இரண்டு தடவையாவது என்னை எழுப்புகிறார். சரியாகச் சொல்கிற நாளும் உண்டு, தப்பாகச் சொல்கிற நாளும் உண்டு. நானாகக் கை தூக்கியது இதுவரை இல்லை. சென்ற வாரம் காந்தத்தைப் பற்றிக் கேட்டபோது விடை தெரிந்திருந்தது. கை பெஞ்சை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. அதற்குள் பக்கத்தில் இருந்தவள் சொல்லிவிட்டாள்.